கோடை விடுமுறையில் சோலை மண் ஆய்வு: இளநிலை மாணவர்களுக்கான வழிகாட்டி

செமஸ்டர் தேர்வு முடிந்து கல்லூரி மறுபடி திறக்கும் வரை கையில் இருப்பது ஏழெட்டு வாரம். நீலகிரியிலோ பழனி மலையிலோ சோலை எனும் மலைக்காட்டின் மண்ணைப் பற்றிய ஒரு கேள்விக்கு நம்பத்தக்க விடை காண அது போதும். ஒரே ஒரு கேள்விக்கு. தாவரவியல், விலங்கியல், வேதியியல் என எது படிப்பவராக இருந்தாலும், முதன்முறை மண்ணில் கை வைக்கும் பி.எஸ்சி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஆய்வகத்தில் நேரும் பிழையை மறுநாள் திரும்பச் செய்து திருத்திவிடலாம். சரிவில் தவறான இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. அதனால்தான் மண்ணைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறோம்.

கேள்வியைச் சுருக்குங்கள்

‘சோலைக்காட்டு மண்ணின் வளம்’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. எட்டு வாரத்தில் விடை கிடைக்கும் கேள்விகள் இப்படி இருக்கும்: சீகை (வாட்டில்) மரத் தோப்பின் மேல் 10 செ.மீ. மண்ணில் உள்ள அங்ககக் கரிமம் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்), அதே சரிவில் ஒட்டியிருக்கும் புல்வெளியைவிடக் கூடுதலா, குறைவா? சோலையின் விளிம்பிலிருந்து 30 மீட்டர் உள்ளே போகும்போது மண்ணில் வாழும் துள்ளுபூச்சிகளின் எண்ணிக்கை மாறுகிறதா? கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் காய்ந்த மண், பக்கத்துப் புல்வெளி மண்ணைவிடத் தண்ணீரை உறிஞ்ச மறுக்கிறதா?

மூன்றிலும் எதை அளப்பது, எங்கே அளப்பது, எதோடு ஒப்பிடுவது என்பது கேள்வியிலேயே இருக்கிறது. ‘காலநிலை மாற்றத்தின் தாக்கம்’, ‘சருகு முழுதாக மட்கும் வேகம்’ போன்றவற்றுக்குப் பல ஆண்டுகள் வேண்டும். நுண்ணுயிரிகளின் மரபணுப் பகுப்பாய்வுக்கு உங்கள் நேரத்தைவிட வழிகாட்டியின் நிதிதான் முதலில் வேண்டும். முதல் கோடையில் அவற்றை விட்டுவிடுங்கள்.

சீகை பற்றிய கேள்விக்கு இன்று நடைமுறைப் பயனும் உண்டு. இந்த ஆஸ்திரேலிய மரம், காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் நிலைநிறுத்தும் இனம். இரு மலைகளிலும் இதை அகற்றிப் புல்வெளியை மீட்கும் பணிகள் நடக்கின்றன. மரம் போன பிறகு அங்கே என்ன முளைக்கும் என்பது, மரம் விட்டுச்சென்ற மண்ணையும் பொறுத்தது.

இடம்: இங்கேதான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன

சோலைகள் பெரும்பாலும் பள்ளங்களிலும் ஓடை ஓரங்களிலும் இருக்கின்றன. புல்வெளி மேட்டிலும் திறந்த சரிவிலும் இருக்கிறது. பள்ளத்தில் மண் ஆழம் கூடுதல், ஈரம் கூடுதல், மேலிருந்து அடித்து வரும் நுண்மண்ணும் அங்கேதான் சேரும். இந்த நிலையில் பள்ளத்துச் சோலை மண்ணையும் மேட்டுப் புல்வெளி மண்ணையும் ஒப்பிட்டு ‘மரங்கள் கரிமத்தைக் கூட்டியிருக்கின்றன’ என்று எழுதினால், நீங்கள் அளந்தது மரத்தையா மேடுபள்ளத்தையா என்று யாராலும் சொல்ல முடியாது.

தீர்வு, ஜோடியாக இடம் தேடுவது. ஒரே சரிவு, ஒரே திசை, ஒரே உயரம், நடுவில் தாவர எல்லை மட்டும் மாறவேண்டும். சீகைத் தோப்புக்கும் புல்வெளிக்கும் இப்படிப்பட்ட ஜோடி எளிதாகக் கிடைக்கும். சோலைக்கும் புல்வெளிக்கும் அரிது. சாய்வில் 5 டிகிரிக்கு மேலும் உயரத்தில் 50 மீட்டருக்கு மேலும் வேறுபாடு வராதபடி பாருங்கள். இப்படி ஆறு ஜோடிகள், ஒவ்வொன்றும் மற்றதிலிருந்து சில நூறு மீட்டராவது தள்ளி இருந்தால், ஒரு கோடைக்குப் போதும். ஒரே தோப்புக்குள் இருபது குழி தோண்டினாலும் அது ஒரு தோப்பின் கணக்குதான். இருபது என்று புள்ளியியலில் எழுதக் கூடாது. இந்தப் போலி மறுபதிவை சூழலியலாளர் ஹர்ல்பர்ட் 1984-இலேயே விரிவாக எழுதிவிட்டார். ஆனாலும் மாணவர் அறிக்கைகளில் இன்றும் அதிகம் தென்படும் பிழை இதுதான்.

இடத்தின் வரலாற்றைப் பக்கத்து ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். இப்போது சீகை நிற்கும் இடம் முன்பு உருளைக்கிழங்குக் காடாக இருந்திருக்கலாம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புல்வெளியில் தீப்பிடிக்கும் காலம். சாம்பல் விழுந்த மண்ணில் பி.எச். உயர்ந்திருக்கும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலைத் துண்டுகளில் உரமும் டோலமைட்டும் கசிந்திருக்கும் என்பதால், தோட்ட எல்லையிலிருந்து 20 மீட்டராவது உள்ளே போங்கள். பாதையோரம், ஆடுமாடு அடையும் இடம், பழைய கரிமூட்டக் குழி எதுவும் வேண்டாம்.

இன்னொன்றை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். இந்த மலைகளின் புல்வெளி, காடு அழிந்து உண்டானது அல்ல. நீலகிரியின் பீட் சதுப்புகளில் கரிம ஐசோடோப்புகளை அளந்து 1993-இல் வெளியான ஆய்வு, கடந்த 20,000 ஆண்டுகளில் காட்டுத் தாவரங்களும் புல்லினங்களும் காலநிலைக்கேற்ப மாறிமாறி மேலோங்கியதைக் காட்டியது. ‘சீரழிந்த புல்வெளி’ என்று முன்னுரையில் எழுதிவிட்டு அதையே ஒப்பீட்டு நிலமாக வைத்தால் முடிவு முழுதும் கோணலாகிவிடும்.

அனுமதியை ஜனவரியிலேயே தொடங்குங்கள்

காட்டின் மேல்மண்ணும் சட்டப்படி வனவிளைபொருள். 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் அதைப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது. காப்புக்காட்டில் ஒரு கைப்பிடி அள்ளவும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். முதுமலை, முக்குருத்தி, கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. மாணவர் ஆய்வுக்கு அது விடுமுறைக்குள் வந்து சேரும் என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

முதல் கோடைக்கு ஏற்றவை கல்லூரி வளாகத் தோப்புகள், தனியார் எஸ்டேட்டுகளுக்குள் இருக்கும் சோலைத் துண்டுகள், ஆராய்ச்சி நிலையங்களின் நிலங்கள். அங்கேயும் உரிமையாளரின் கடிதம் கையில் இருக்கவேண்டும். ஊர்ப் பொதுநிலமோ கோயில் காடோ என்றால் ஊர்த் தலைவரை நேரில் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்கவேண்டும். தோடர், கோத்தர், படகர், பளியர் என யார் ஊரானாலும் அந்த நிலத்தில் நீங்கள் விருந்தாளி. சில இடங்களில் செருப்போடு போகக் கூடாது, சில இடங்களில் தோண்டவே கூடாது.

விண்ணப்பத்தோடு ஒரு பக்கத் திட்டத்தை இணையுங்கள். இடங்களின் வரைபடம், தேதிகள், குழிகளின் எண்ணிக்கை, எடுக்கப்போகும் மொத்த மண்ணின் எடை, மீதியை என்ன செய்வீர்கள் என்பதெல்லாம் அதில் வரவேண்டும். ஆறு ஜோடி, இரண்டு ஆழம் என்றால் 24 கலப்பு மாதிரிகள் (ஓரிடத்தின் ஐந்து புள்ளி மண்ணையும் கலந்தவை). ஒன்று அரைக் கிலோ வீதம் 12 கிலோ. பரும அடர்த்திக்கான (ஒரு கன செ.மீ. மண்ணின் உலர் எடை) உருளைகளையும் சேர்த்து ‘சுமார் 20 கிலோ’ என்று தெளிவாக எழுதினால் அதிகாரிக்கும் முடிவெடுப்பது எளிது. மாதிரியை ஆய்வுக்காக வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். வழிகாட்டியிடம் முதலிலேயே பேசுங்கள்.

வழிகாட்டி கிடைக்காதவர்கள் இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தைப் பாருங்கள். அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அருகில் கேட்டுப் பார்க்கக்கூடிய இடங்களும் உண்டு: ஊட்டியில் உள்ள இந்திய மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சி மையம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி, பழனி மலைப் பக்கம் காந்திகிராம கிராமிய நிறுவனம்.

மழையை ஒட்டித் திட்டமிடுங்கள்

இரு மலைகளுக்கும் மழை ஒரே மாதிரி அல்ல. நீலகிரியின் மேற்குப் பகுதியில் ஜூன் முதல் வாரத்திலிருந்தே தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கமும் பழனி மலையிலும் அக்டோபருக்குப் பின் வரும் வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம். ஆனால் ஏப்ரல், மே மாதக் கோடை மழை எல்லா இடத்திலும் உண்டு.

காய்ந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிரிகள் விழித்துக்கொண்டு ஓரிரு நாள் கரியமில வாயுவைப் பொங்கவிடும். ஆறு ஜோடிகளில் மூன்றை மழைக்கு முன்பும் மூன்றை மழைக்குப் பின்பும் அளந்தால் மண்ணின் வேறுபாட்டை மழையின் வேறுபாடு விழுங்கிவிடும். ஒரு ஜோடியின் இரு பக்கத்தையும் ஒரே நாளில் முடியுங்கள். ஆறு ஜோடியையும் ஒரே வாரத்துக்குள் முடிக்கப் பாருங்கள். எப்போதும் புல்வெளியைக் காலையிலும் தோப்பை மதியத்திலும் அளக்காமல், ஜோடிக்கு ஜோடி வரிசையை மாற்றுங்கள்.

மே மாதம் மலர்க்காட்சி நேரம். அறை வாடகையும் போக்குவரத்து நெரிசலும் உச்சத்தில் இருக்கும். 2024 மே முதல் இரு மலைகளுக்கும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் தேவை. பேருந்தில் போனால் இந்தச் சிக்கல் இல்லை. நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், மாதிரிப் பைகளைப் பற்றிக் கல்லூரிக் கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். துணிப்பையும் மூடியுள்ள அலுமினிய டப்பாவும் வைத்துக்கொண்டால் பாதி வேலை பிளாஸ்டிக் இல்லாமலே நடக்கும்.

பைக்குள் என்ன வேண்டும்

மண்வெட்டி, சிறிய கடப்பாரை, பழைய சமையல் கத்தி, வேர் வெட்டும் கத்தரி, 50 மீட்டர் டேப், சாய்வு பார்க்கக் கைப்பேசிச் செயலி, ஊசி வெப்பமானி, 2 மி.மீ. சல்லடை, 0.01 கிராம் காட்டும் தராசு. பரும அடர்த்திக்கு உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5 செ.மீ. உள்ள எஃகு உருளை. அதன் கொள்ளளவு 98.2 கன செ.மீ. பணம் இல்லாவிட்டால் தடித்த பிவிசி குழாயை வெட்டி வெளிப்பக்க விளிம்பை அரத்தால் கூராக்கிக்கொள்ளலாம். உள்விட்டத்தை வெர்னியரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் அளவு வெளிவிட்டமாக இருக்கும். பெயர்ச்சீட்டுக்குப் பென்சில் மட்டும். மார்க்கர் மை எத்தனாலில் கரைந்துவிடும், மழையிலும் நிற்காது. சீட்டு ஒன்று பைக்குள், ஒன்று வெளியே.

மாதிரி எடுத்தல்

ஒவ்வொரு இடத்திலும் 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் குறியுங்கள். நான்கு மூலை, நடு என ஐந்து புள்ளிகள். மரத்தடியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மரத்தண்டு வழியாக வழியும் நீர் அடிமரத்து மண்ணை மாற்றிவிடும்.

முதல் சிக்கல் தரையில்தான். சோலையில் சருகு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது. மேலே முழு இலை, அதன்கீழ் நொறுங்கிய இலை, அதற்கும் கீழே கறுத்த மட்கு, பிறகு மண். இரண்டு பேர் இரண்டு விதமாக வழித்தால் கரிம அளவில் பெரிய வேறுபாடு வந்துவிடும். விதி ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இலை, குச்சி என்று கண்ணால் அடையாளம் காண முடிகிற எல்லாவற்றையும் கையால் அகற்றுவது, விரலில் தேய்த்தால் மணல் நறநறப்பு தெரிகிற இடம் மண்ணின் பூஜ்ஜியம். அந்த வேலையை ஆறு ஜோடியிலும் ஒரே ஆள் செய்யட்டும். புல்வெளியில் புல்லைத் தரையோடு கத்தரித்துவிட்டு, பின்னிக்கிடக்கும் வேர்ப்படுகையை மண்ணோடு சேர்த்தே எடுங்கள். வேரைச் சல்லடையில் பிரித்துக்கொள்ளலாம்.

ஆழம் 0–10, 10–20 செ.மீ. போதும். குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் நேராகச் செதுக்கி, கீழ் அடுக்கை முதலில் எடுத்தபின் மேல் அடுக்கை எடுத்தால் மேல்மண் கீழே கலக்காது. ஐந்து புள்ளியின் மண்ணையும் வாளியில் கலந்து, பரப்பி நான்காகப் பிரித்து, எதிரெதிர்க் கால்பங்குகளை எடுத்து, அரைக் கிலோ ஆகும்வரை திரும்பச் செய்யுங்கள். குழியை மூடிப் புல்கரணையைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

பரும அடர்த்தி உருளையை மரக்கட்டை வைத்துத் தட்டி இறக்கவேண்டும். சுத்தியால் நேரடியாக அடித்தால் மண் நசுங்கி அடர்த்தி பொய்யாகக் கூடும். உருளைக்குள் மண் மேற்பரப்பு வெளித் தரையைவிடத் தாழ்ந்திருந்தால் நசுங்கிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு வேறு இடம் பாருங்கள். பெரிய வேரோ கல்லோ குறுக்கிட்டாலும் அப்படியே. ஒவ்வொரு ஆழத்துக்கும் மூன்று உருளை. 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்திய எடையைக் கொள்ளளவால் வகுத்தால் விடை. 0.5, 0.6 என்று வந்தால் பதற்றம் வேண்டாம். நீலகிரியின் மேல்மலை மண் சார்னோகைட் பாறையில் உருவாகி, அலுமினியத்தோடு அங்ககப் பொருளைக் கட்டிவைத்திருக்கும் இலேசான கறுப்பு மண். எரிமலைச் சாம்பல் மண்ணின் இயல்புகள் பல இதில் இருப்பதை 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இந்த எண்ணை ஏன் வலியுறுத்துகிறோம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு தோப்பில் கரிமம் 8 சதவீதம், அடர்த்தி 0.6, பக்கத்துப் புல்வெளியில் 6 சதவீதம், அடர்த்தி 0.8 என்று கொள்வோம். சதவீதத்தையும் அடர்த்தியையும் 10 செ.மீ. ஆழத்தையும் பெருக்கினால் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று வரும்: இரண்டிலும் 48. சதவீதத்தை மட்டும் பார்த்தவர் தோப்பில் கரிமம் கூடுதல் என்று எழுதியிருப்பார்.

அன்றே செய்யவேண்டியவை

இந்த மண்ணை ஒருமுறை நன்றாகக் காயவிட்டால் மீண்டும் நனைத்தாலும் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது. ஈரம், உயிரிகள், நைட்ரேட் ஆகியவற்றுக்கு ஈர மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிராம் ஈரமண்ணை டப்பாவில் எடைபோட்டு மூடிவிட்டால், அடுப்பு சமவெளியில் இருந்தாலும் பரவாயில்லை. ஈரத்தை உலர் எடைக்கு எதிராகக் கணக்கிடும்போது 60, 80 சதவீதம் என்று வரும். சதுப்பு ஓரத்தில் 100-ஐயும் தாண்டும். அது பிழை அல்ல.

மீதி மண்ணைச் செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பனிமூட்ட நாட்களில் மண் காயாது, பூஞ்சை பிடிக்கும். மெல்லியதாகப் பரப்பி, தினம் இருமுறை கிளறி, மின்விசிறி போடுங்கள். முடிந்தால் அந்த வாரமே கீழே கொண்டுபோய்விடுங்கள்.

காய்ந்த மண்ணில் நீர் விலக்குத் தன்மையைப் பார்க்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. சருகை நீக்கிய தரையில் மருந்துத் துளிப்பானால் ஒரு துளி விட்டு, அது உள்ளே இறங்கும் நேரத்தைப் பாருங்கள். 5 விநாடிக்குள் இறங்கினால் இயல்பு. 5 முதல் 60 விநாடி என்றால் இலேசான விலக்கு, 60 முதல் 600 என்றால் கடுமையான விலக்கு. ஒரு சதுரத்தில் பத்துத் துளியாவது விடுங்கள். கற்பூரத் தோப்பில் இதை முதன்முறை பார்க்கும் மாணவர்கள், துளி முத்தாக அப்படியே நிற்பதைக் கண்டு வியந்துபோவார்கள். கோடை மழைக்கு முன்புதான் இது நன்றாகத் தெரியும்.

பி.எச். பார்க்க 10 கிராம் மண், 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர், கலக்கி 30 நிமிடம். மட்கு மிகுந்த மண் இந்த அளவில் கூழாகிவிட்டால் 1:5 விகிதத்துக்கு மாறி, எல்லா மாதிரிக்கும் அதையே வைத்து, அறிக்கையிலும் எழுதிவிடுங்கள். மீட்டரை 4, 7 தாங்கல் கரைசல்களால் திருத்துங்கள். இங்கே மண் அமிலத்தன்மை கொண்டது, 9-ஆம் தாங்கலுக்கு வேலையில்லை.

அங்ககக் கரிமம்: பாடப்புத்தக அளவு இங்கே பொருந்தாது

கல்லூரிகளில் செய்வது 1934-இல் வந்த வாக்லி–பிளாக் முறை. வழிமுறை இது:

1. 0.5 மி.மீ. சல்லடையில் சலித்த மண்ணை 500 மி.லி. கூம்புக் குடுவையில் எடுங்கள்.
2. 1 நார்மல் பொட்டாசியம் டைகுரோமேட் 10 மி.லி., பிறகு அடர் கந்தக அமிலம் 20 மி.லி. சேர்த்து ஒரு நிமிடம் மெதுவாகச் சுழற்றி 30 நிமிடம் வையுங்கள்.
3. 200 மி.லி. நீர், 10 மி.லி. ஆர்த்தோபாஸ்பாரிக் அமிலம், 1 மி.லி. டைபினைலமைன் சேருங்கள்.
4. 0.5 நார்மல் பெரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம் பாருங்கள் (டைட்ரேஷன்). ஊதா கலந்த நீலம் சட்டென்று பச்சையாகும் இடம் முடிவுப்புள்ளி.
5. மண் இல்லாத வெற்றுக் குடுவை இரண்டு ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கட்டும்.

வயல் மண்ணுக்கு எழுதிய நூலில் 0.5 முதல் 1 கிராம் மண் என்று இருக்கும். சோலை மண்ணுக்கு அது அதிகம். 10 மி.லி. டைகுரோமேட்டால் 30 மி.கி. கரிமத்துக்கு மேல் எரிக்க முடியாது. 10 சதவீதக் கரிமமுள்ள மண் அரை கிராமில் 50 மி.கி. கரிமம் இருக்கும். அமிலம் ஊற்றியதும் குடுவை முழுப் பச்சையாகிவிட்டால் டைகுரோமேட் தீர்ந்துவிட்டது. அந்த எண் செல்லாது. மேல்மண்ணுக்கு 0.2 கிராமில் தொடங்குங்கள். வெற்றுக் குடுவைக்குச் சுமார் 20 மி.லி. செலவாகும். மாதிரிக்கு 5 மி.லி.க்குக் கீழே போனால் மண்ணைக் குறைத்துத் திரும்பச் செய்யுங்கள். இவ்வளவு சிறிய எடைக்கு 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். மண்ணையும் உரலில் நன்றாகப் பொடித்துக் கலந்திருக்கவேண்டும்.

மலை ஆய்வகத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த முறை, அமிலம் நீரோடு சேரும்போது பிறக்கும் வெப்பத்தை நம்பியது. குளிர்ந்த கல் மேடையில் குடுவையை வைத்தால் வெப்பம் இறங்கி, கரிமம் குறைவாகக் காட்டும். மரப்பலகையின் மேல் வையுங்கள், எல்லா மாதிரிகளையும் ஒரே அறை வெப்பத்தில் செய்யுங்கள்.

கணக்கு: வெற்று அளவிலிருந்து மாதிரி அளவைக் கழித்து, பெரஸ் கரைசலின் நார்மலால் பெருக்கி, 0.003-ஆலும் 100-ஆலும் பெருக்கி, மண் எடையால் வகுங்கள். முழுமையாக எரியாததற்கான 1.3 திருத்தத்தைப் பெருக்கினீர்களா இல்லையா என்பதை எழுதியே தீரவேண்டும். எழுதாததால் ஒப்பிட முடியாமல் போன எண்கள் நிறைய.

உலையில் எரித்து எடை இழப்பைப் பார்ப்பது எளிது என்று சிலர் அதற்குத் தாவுவார்கள். இந்த மலை மண்ணில் கிப்சைட் எனும் அலுமினியக் கனிமம் உண்டு. அது 250–300 டிகிரியிலேயே தன் நீரை இழக்கும். அந்த இழப்பும் கரிமமாகக் கணக்கில் ஏறிவிடும்.

டைகுரோமேட் கழிவு புற்றுநோய் உண்டாக்கும் குரோமியம். ஆய்வகத் தொட்டியில் ஊற்றாதீர்கள். மலையில் ஊற்றுவது ஓடை வழியாகக் கீழே ஒருவர் குடிநீரில் சேரும். தனிக் கலனில் சேர்த்துக் கல்லூரியின் கழிவு ஏற்பாட்டில் ஒப்படையுங்கள்.

மண்ணின் மூச்சு

மண் வெளிவிடும் கரியமில வாயுவை அளக்க விலையுயர்ந்த வாயு அளவி இல்லாவிட்டாலும், அதைக் காரக் கரைசலில் பிடிக்கும் முறை போதும். 20 செ.மீ. விட்டமுள்ள குழாய் வளையத்தை முதல் நாளே 2 செ.மீ. ஆழம் பதித்து விடுங்கள். பதித்த அன்றே அளந்தால் வெட்டுப்பட்ட வேரும் கிளறிய மண்ணும் கணக்கை உயர்த்தும். மறுநாள் 10 செ.மீ. அகலக் கண்ணாடிக் கிண்ணத்தில் 1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 30 மி.லி. ஊற்றி, சிறு முக்காலியில் வைத்து, காற்றுப் புகாமல் மூடி 24 மணி நேரம் விடுங்கள். கிண்ணம் இதைவிடச் சிறிதானால் வாயு முழுதும் பிடிபடாது. அடிப்பக்கம் மூடிய அதே அளவு டப்பா ஒன்றை வெற்றாகப் பக்கத்திலேயே வையுங்கள்.

கரைசலில் 10 மி.லி. எடுத்து, 20 சதவீத பேரியம் குளோரைடு 10 மி.லி. சேர்த்து, பினால்ப்தலீன் விட்டு 0.5 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பாருங்கள். வெற்றுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை 0.5, 22, 3 ஆகியவற்றால் பெருக்கினால் மி.கி. கரியமில வாயு வரும். வளையத்தின் பரப்பு 0.0314 சதுர மீட்டர். காரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் செலவாகியிருந்தால் அந்த அளவீட்டை நம்பாமல் காரத்தை இரட்டிப்பாக்குங்கள். மழைக்குப் பின் சோலையில் இது அடிக்கடி நேரும். பேரியம் உப்பு நஞ்சு, கையுறை கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியும் உயிர்கள்

துள்ளுபூச்சிகளுக்கும் சிற்றுண்ணிகளுக்கும் புனல் முறை. 5 செ.மீ. உருளை மண்ணைக் குலைக்காமல், மேல்பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து 2 மி.மீ. வலையில் வைத்து, மேலே 40 வாட் பல்பு, கீழே புனல், அதன் அடியில் 70 சதவீத எத்தனால். ஐந்திலிருந்து ஏழு நாள். பழைய குண்டு பல்புதான் வேண்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், வெப்பம் தராது. மண் காயாது, பூச்சி இறங்காது. கடையில் இப்போது குண்டு பல்பு கிடைப்பது கடினம், முன்கூட்டியே வாங்கிவையுங்கள். மின்வெட்டு நேரத்தைப் பதிவுசெய்து அத்தனை மணி நேரம் நீட்டுங்கள். மாதிரியை வெயிலில் நின்ற வண்டியில் வைத்தால் பாதி உயிரி அங்கேயே செத்துவிடும். எண்ணிக்கையை 509-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு வரும். புனல் குறைவாக இருந்தால் ஒவ்வொரு தொகுதியிலும் தோப்பு, புல்வெளி இரண்டும் சமமாக இருக்கட்டும்.

மண்புழுவுக்கு 25 செ.மீ. சதுரம், 30 செ.மீ. ஆழக் குழி. மண்ணை வெள்ளைத் துணியில் கொட்டிக் கையால் பொறுக்கி, 16-ஆல் பெருக்கவேண்டும். ஏப்ரல் வறட்சியில் புழுக்கள் ஆழத்தில் சுருண்டு கிடக்கும். நல்ல மழை பெய்து ஒரு வாரம் கழித்துப் போங்கள்.

காட்டில் கவனம்

தனியாகப் போகாதீர்கள். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 4-க்குப் பின்பும் வேலை வேண்டாம். காட்டெருமை சாதுவாக நிற்பதுபோல் இருக்கும், 50 மீட்டருக்குள் போகக் கூடாது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடியும், பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் யானையும் உண்டு. அந்தந்த ஊர் ஆளின் துணையும் சொல்லும் இல்லாமல் புதருக்குள் இறங்காதீர்கள். மழைக்குப் பின் அட்டை. முழங்கால் வரை தடித்த காலுறை போதும். ஊருக்குத் திரும்பி மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் காட்டில் புதரில் உட்கார்ந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். புதரில் வாழும் சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் தக்க மருந்துக்குச் சட்டென்று கட்டுப்படும், கண்டறியத் தாமதித்தால் ஆபத்து.

எண்களும் மீதி மண்ணும்

ஒரு வரிக்கு ஒரு மாதிரி என அட்டவணை போடுங்கள்: ஜோடி எண், தாவர வகை, ஆழம், தேதி, நேரம், சாய்வு, திசை, கடைசியாக மழை பெய்து எத்தனை நாள், அளந்தவர் பெயர். முதலில் ஜோடிகளைக் கோடால் இணைத்த படம் வரைந்து கண்ணால் பாருங்கள். ஆறு கோடும் ஒரே பக்கம் சாய்கின்றனவா என்பது எந்தச் சோதனையையும்விட அதிகம் சொல்லும். பிறகு, வேறுபாடு தற்செயலா என்று பார்க்கும் ஜோடி டி-சோதனை. இலவச ஆர் (R) மென்பொருளில் ஒரே வரி. வேறுபாடு இல்லை என்று வந்தாலும் அப்படியே எழுதுங்கள். நன்றாகத் தேர்ந்த ஆறு ஜோடியில் வேறுபாடு இல்லை என்பதும் ஒரு விடை.

ஐந்து மாதிரிகளை வேறோர் ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணில் 100 கிராம் வீதம் சீட்டோடு கண்ணாடிப் புட்டியில் துறையில் விட்டுச்செல்லுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே மண்ணைத் திரும்ப அளந்து பார்க்க முடியும். அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் இரண்டு பக்கம் எழுதி, அனுமதி தந்த வனச்சரக அலுவலகத்துக்கும் நிலத்துக்காரருக்கும் ஊர்த் தலைவருக்கும் நேரில் கொடுங்கள், இடங்களின் வரைபடத்தோடு.